ஜெசிந்தா அளந்த செக்ஷன்

"என் இன்ஸ்பெக்டர் பொய் சொல்றாளா, இல்ல அவளப் பேய் புடிச்சிருக்கா? அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்தெட்டு. அம்பத்தூரில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் செய்பவர்.

எதிரே இருந்தவர் பரிமளா. வயது முப்பத்தொன்பது. கோவைக்குக் கிழக்கே ஓர் அலுமினிய ஆலையில் அச்சு திருத்துபவர். சூடான அலுமினியக் கட்டியை முறுக்கு பிழிவதுபோல இரும்பு அச்சு வழியாகத் தள்ளினால் நீளமாக வெளியே வரும். அதைத்தான் செக்ஷன் என்கிறார்கள். அது கோணலாக வந்தால் அச்சில் எந்த இடத்தில் அரத்தை வைக்க வேண்டும் என்று பரிமளாவுக்குத் தெரியும்.

தொழிலில் இருப்பவர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள். வேறு எங்கும் பதில் கிடைக்காதவர்கள் அவரிடம் வந்தார்கள்.

பரிமளா அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"மதியம் சாப்டீங்களாங்க?"

"சாப்பாடு இருக்கட்டும் மாஸ்டர்."

"அப்ப சொல்லுங்க."

தணிகாசலம் சொன்னார்.

மூன்று வாரம் முன்பு, மழையில், ஒரு மருத்துவமனை வாசலில் அவருடைய ஸ்ட்ரெச்சர் பாதியில் மாட்டிக்கொண்டது. பாதி வண்டிக்குள், பாதி வெளியே. மேலே மார்வலியோடு ஒரு பெரியவர். ஆறு நிமிடம் யாராலும் உள்ளே தள்ளவும் முடியவில்லை, வெளியே இழுக்கவும் முடியவில்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சர் ஓடும் செக்ஷன் வளைந்திருந்தது. இரண்டு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். தணிகாசலம் விற்ற முப்பத்திரண்டையும் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் வளைந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக.

"பிழிஞ்சு குடுத்தவர் நேராத்தான் குடுத்தேங்கறார். சர்ட்டிபிகேட் இருக்கு. அதுல பள்ளம் வெட்டிக் குடுத்த மெஷின் ஷாப்காரர் நேராத்தான் குடுத்தேங்கறார். அவர்கிட்டயும் சர்ட்டிபிகேட் இருக்கு. ரெண்டு பேர்கிட்டேர்ந்து வந்தப்பவும் எங்க இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா அளந்திருக்கா. ரெண்டு தடவையும் நேர். கையெழுத்து போட்டிருக்கா."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

தணிகாசலம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நான் பார்த்துக்கிட்டு இருக்கற வரைக்கும் அது நேரா இருக்கு சார். நான் அந்தப் பக்கம் திரும்பினா வளையுதுங்கறா."

பரிமளாவின் அரம் நின்றது.

"ஒரு நாள் பூரா ஒரே செக்ஷனை அளக்கற மேடையில மாட்டிட்டு, எதிர்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டா. சோத்துக்கும் எழுந்திருக்கலை. சாயங்காலம் வரைக்கும் அளக்கற முள்ளு அசையலை. கழட்டி, ஸ்ட்ரெச்சர்ல பூட்டறவங்க கையில குடுத்தா. அஞ்சாவது நிமிஷம் கோணல்ங்கறாங்க. பசங்க சிரிக்கறாங்க. அவ மேடைல ஒரு எலுமிச்சம்பழம் கட்டித் தொங்க விட்டிருக்காங்க."

"அந்தப் பழத்த எடுத்துப் போட்டுதுங்களா அது?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். மருத்துவமனை அனுப்பியது. தவறுக்குப் பொறுப்பான நபர் என்று அச்சடித்து, கீழே ஒரு கட்டம். ஒன்றுதான். அதில் எழுதப்படும் ஆள் இனி உயிர் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளிலும் கை வைக்க முடியாது.

"அஞ்சு மணிக்கு அனுப்பணும். ஜெசிந்தா பேரை எழுதினா சுலபம். பதினோரு வருஷமா எங்கிட்ட இருக்கா மாஸ்டர்."

பரிமளா தாளைத் தொடவில்லை.

"நீங்க அளந்தீங்களா?"

தணிகாசலம் தாளின் மடிப்பை நீவினார்.

"அளந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நேரா."

"அப்புறம்?"

"கையை எடுத்தேன்."

அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

அலுமினியம் பிழியும் அந்தப் பிரஸ் ஷெட்டில் பகல் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. அப்போதுதான் தணிகாசலம் சுவரைப் பார்த்தார். பிரஸ்ஸுக்கு மேலே, கம்பியில் கட்டி, அலுமினியத் துண்டுகள் தொங்கின. இருநூறு இருக்கும். ஒன்றுகூட நேராக இல்லை. சில வில்போல, சில கழுத்து திரும்பினாற்போல. ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் ஒரு தேதி. மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசின. அடுத்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது.

ஷெட்டில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு ரெண்டு இடத்துல குடுத்தீங்க?" என்றார் பரிமளா. "பிழியறது ஒரு பக்கம், வெட்டறது ஒரு பக்கம்?"

"ஒரே ஆள்கிட்ட குடுத்தா அவன் வச்சதுதான் சட்டம். ரெண்டு பேர்னா ஒருத்தன் தப்பை இன்னொருத்தன் காட்டிக் குடுப்பான்."

"காட்டிக் குடுத்தாங்களா?"

"தினமும்."

பரிமளாவின் உதடு லேசாக அசைந்தது.

"இவர்கிட்டேர்ந்து அவர்கிட்ட போறதுக்கு எத்தனை நாளாகும்?"

"ஒன்பது நாள். ஜெசிந்தா அளந்து விட்டதும் லாரி ஷெட்ல கிடக்கும்."

"அந்த ஒன்பது நாள் அது யாருது?"

தணிகாசலம் விரல் விட்டு எண்ணினார். பிழிந்தவர் அனுப்பிவிட்டார். வெட்டுபவர் வாங்கவில்லை. மூன்றாவது விரலை அவர் மடக்கவில்லை.

"செக்ஷன் கொண்டாந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தார். மூன்றடித் துண்டு. பிழிந்தது, இன்னும் வெட்டாதது. பழைய வேட்டியில் சுற்றி, ரயிலில் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருந்தார். மேலே பெட்டிகளோடு வைக்க மனம் வரவில்லை. காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

பரிமளா அதைக் கல் மேஜைமேல் படுக்க வைத்தார். ஒரு காகிதத்தை அதன் அடியில் நுழைத்துப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை.

"நேருங்களா?"

"நேர்."

பரிமளா அதை எடுத்துக்கொண்டு போய் ரம்பத்தில் வைத்தார். குறுக்கே வெட்டவில்லை. நீளவாக்கில், நட்ட நடுவில், ஒரு முனையிலிருந்து மெதுவாக உள்ளே தள்ளினார்.

ரம்பம் முன்னால் போனது. பின்னால் செக்ஷன் வாயைத் திறந்தது.

யாரும் தொடவில்லை. இரண்டு பாதியும் தாமாக விலகின. மறுமுனைக்கு ஒரு சாண் இருக்கையில் பரிமளா ரம்பத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகும் அவை ஒரு மயிரிழை விலகியதைத் தணிகாசலம் பார்த்தார்.

அவர் ஓரடி பின்னால் போனார்.

"இது... எப்பலேர்ந்து உள்ள இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்துங்க. வெட்டறவரைக்கும் இந்தப் பாதி அந்தப் பாதியப் புடிச்சிட்டு இருந்துச்சு."

"பிழிஞ்சவருக்குத் தெரியாதா?"

"அவர் வெட்டிப் பாக்கலீங்களே."

"வெட்டினவருக்கு?"

"அவர் பிழியறதப் பாக்கலீங்களே."

தணிகாசலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப தப்பு யாருது?"

பரிமளா பிளந்த செக்ஷனை அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டு உள்ளங்கையும் வச்சு அமுக்குங்க. வாய் மூடட்டும்."

அவர் அமுக்கினார். மூடியது. நேராயிற்று. முன்பு போலவே, ஒரு குறையும் இல்லாமல்.

"புடிச்சுக்கங்க. விட்றாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"பேர் கிடைக்கறவரைக்கும்."

"மாஸ்டர், விளையாடறீங்களா?"

"மூணு வாரமாப் புடிச்சிட்டுத்தான இருக்கறீங்க? இன்னும் கொஞ்ச நேரம். நான் டீ வாங்கிட்டு வர்றேன்."

பரிமளா போய்விட்டார்.

தணிகாசலம் ஷெட்டின் நடுவில் நின்றார், கும்பிடுபவரைப்போல. கைகளுக்கு நடுவில் அலுமினியம். அது அசையவில்லை. ஆனால் தள்ளியது. விடாமல், ஒரே அளவில், சலிப்பில்லாமல் தள்ளியது. அவருக்குத் தோள் வலித்தது. அதற்கு வலிக்கவில்லை.

சுவர்த் துண்டுகள் உரசிக்கொண்டன.

தோளைத் தளர்த்தத் திரும்பியபோதுதான் அவர் அந்த ஓட்டையைக் கவனித்தார். பிரஸ் ஷெட்டுக்கும் அடுத்த மெஷின் ஷெட்டுக்கும் இடையிலிருந்த சுவரில், ஜன்னல் அளவுக்கு. கம்பி இல்லை, கதவு இல்லை.

ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. கை மட்டும். அதில், அப்போதுதான் வெட்டிய ஒரு புதுத் துண்டு. கல் மேஜைமேல் அதை வைத்துவிட்டுக் கை மறைந்தது.

பக்கத்தில் போன ஓர் ஆள் துண்டை எடுக்கப் பார்த்தான்.

"கைய எடு!" பிரஸ்ஸிலிருந்து ஒரு குரல். "புதுசா நீயி? மொத வெட்டுத் துண்டு. படுத்துக் கிடக்கட்டும். அது எழுந்திருக்குதா பாக்கோணும்."

ஆள் கையை இழுத்துக்கொண்டான். ஷெட்டில் எல்லோரும் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். துண்டு தனியாகக் கிடந்தது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் அளக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரஸ்காரர் இறங்கி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, துண்டின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு ஓட்டைப் பக்கம் திரும்பினார்.

"சின்னு! எழுந்திருக்குதப்பா!"

"எவ்வளவுங்ணா?"

"நகக்கண்ணு அளவு. நீ வெட்டறத நிறுத்து. பிழிஞ்சதும் நேராக்க இழுக்கற இழுவையக் கொஞ்சம் கூட்டி, வேற அனுப்பறேன்."

"ஏனுங்ணா, போன வாரமும் இதேதான. தூங்கறீங்களா அங்க?"

"நீ வெட்டற சத்தத்துல எங்கீடா தூங்கறது?"

சிரிப்பு. பிரஸ்காரர் துண்டில் சாக்பீஸால் தேதி எழுதினார். கம்பியில் கட்டினார். சுவரில் மாட்டினார். பேர் எழுதவில்லை.

தணிகாசலம் சுவரை மறுபடி பார்த்தார். எல்லாத் துண்டிலும் தேதி மட்டும்தான் இருந்தது.

பரிமளா இரண்டு டம்ளர் டீயோடு வந்தார்.

"பேர் கிடைச்சுதுங்களா?"

தணிகாசலம் கைகளை விலக்கினார். செக்ஷன் வாயைத் திறந்தது. முன்பு திறந்த அதே அளவுக்கு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் உள்ளங்கைகளைப் பார்த்தார். இரண்டிலும் சிவப்பாக ஒரு கோடு.

பேனாவை எடுத்தார். தாளின் கட்டத்தில் எழுதினார். விரல் மரத்திருந்ததால் எழுத்து கோணியது. போனில் படமெடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் என்ன எழுதினார் என்று பரிமளா கேட்கவில்லை. டீயை நீட்டினார்.

"இந்த ஓட்டைய எப்ப இடிச்சீங்க மாஸ்டர்?"

"இடிக்கலீங்க. சுவர் கட்டறப்பவே விட்டது."

போன் அடித்தது. நான்கு ஐம்பது.

"சார்." ஜெசிந்தாவின் குரல். அழுது முடித்த குரல். "அஞ்சு ஆகப் போகுது. என் பேரைப் போட்டுட்டீங்களா? போட்டுட்டீங்கன்னா சொல்லிடுங்க, நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்."

"உன் பேரைப் போடலைம்மா. நீ இப்ப எங்க இருக்க?"

"மேடைக்கு முன்னாடிதான். ஒரு செக்ஷன் மாட்டியிருக்கு. நேரா இருக்கு சார். சத்தியமா நேரா இருக்கு."

"எத்தனை கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்க?"

"நாலு. எப்பவும் நாலுதானே சார்? இறுக்கிட்டுத்தான் அளக்கணும்னு புரொசீஜர்ல இருக்கு."

"அவிழ்த்துட்டு அளந்து பாரு."

"புரொசீஜர்ல..."

"அதை எழுதினது நான்தாம்மா. அவிழு."

அந்தப் பக்கம் போனை மேஜைமேல் வைக்கும் சத்தம். பிறகு டக். சற்று நேரம். டக். இன்னும் சற்று நேரம். டக்.

நான்காவதற்கு வெகு நேரமானது.

டக்.

தணிகாசலம் காத்திருந்தார். டீ ஆறியது. சுவர்த் துண்டுகள்கூட அசையாமல் இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

"சார்."

"சொல்லும்மா."

"முள்ளு நகருது."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் சார்."