சாம்பலக்கா இருக்கா!

"எவளோ ஒருத்தி என் பெயரைக் கெடுக்கிறாள்! எனக்குச் சேர வேண்டிய புகழை நோகாமல் அள்ளிக்கொண்டு போகிறாள்!"

குளக்கரையில் நின்று மயில் கத்தினான். சிங்கத்தின் கையால் 'வனமாமணி' பட்டம் வாங்கியவன் அவன். ஆனால் பருந்தின் நிழல் விழுந்தால், அந்தக் காட்டுத் தாய்மார் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சாம்பலக்கா இருக்கா!" உடனே குஞ்சும் குட்டியும் ஓடிப் புதருக்குள் பதுங்கும்.

சாம்பலக்கா ஒரு காட்டுக்கோழி. அநாதையாக எந்த முட்டை கிடந்தாலும் அடைகாத்தவள். பருந்து வந்தால், எவர் பிள்ளையானாலும் புதருக்குள் இழுத்து இறக்கையால் மூடிக்கொண்டவள். போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். செத்தும் அவள் பெயர் ஓயவில்லை. அதுதான் மயிலுக்கு வயிற்றெரிச்சல்!

"பட்டம் வாங்கினாளா? தோகை உண்டா? குப்பையைக் கிளறித் தின்றவள்தானே!"

பொருமிக்கொண்டே கௌதாரியிடம் போனான். "இனிமேல் 'வனமாமணி இருக்கார்' என்று சொல். ஓர் இறகு தருகிறேன்!"

"ஒன்றா? இத்தனை குஞ்சுக்கு மெத்தை போட ஒன்று எப்படிக் காணும்?"

"சரி, இரண்டு!"

"கண் வைத்த இறகாகக் கொடு, அண்ணே. உதிர்ந்ததைத் தலையில் கட்டிவிடாதே!"

மயில் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான். முயலம்மாவும் அதே விலைக்கு ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் பருந்தின் நிழல் விழுந்தது.

"வனமாமணி இருக்கார்!" என்று கத்தினாள் கௌதாரி.

"எங்கே? எங்கே?" குஞ்சுகள் வெட்டவெளிக்கு ஓடி வந்தன! முயல்குட்டிகளும் பின்னாலேயே வந்தன. பெரிய ஆள் வந்தால் வேடிக்கை பார்க்கத்தானே எல்லாரும் ஓடுவார்கள்!

"உள்ளே போங்கடா!" தாய்மார் கதறினார்கள். யார் காதில் விழுந்தது? எல்லாக் கண்ணும் வெளியில் தோகை விரித்து நின்ற மயில் மேல்.

பருந்து இறங்கியது. மயில் தோகையை மடக்கினான். தன்னை அறியாமல் அலறினான்: "சாம்பலக்கா இருக்கா!"

ஒரே பாய்ச்சலில் பிள்ளைகள் புதருக்குள் போயின. மயிலும் கூடவே தலையை நுழைத்துக்கொண்டான். பருந்து இரை சிக்காமல் மேலே போனது.

கௌதாரி இறகுகளை அவன் முன்னால் வீசினாள். "அந்த வார்த்தை உனக்கு எப்படி வந்தது, அண்ணே? உன்னைப் பெற்றவளை நரி கொண்டுபோனபோது, உன்னை அடைகாத்தது யார்?"

"தெரியும்!" என்று சீறினான் மயில். பிறகு குரல் தணிந்தது. "ஆனால் அவள் இறக்கைக்குள் நான் மட்டுமா இருந்தேன்? எப்போதும் இன்னும் பத்துப் பேர்!"

"அட, அதுதானா சங்கதி! புதரில் அவள் இடம் காலியாகக் கிடக்கிறது. உன் இறக்கையும் சும்மாதானே இருக்கிறது? போய் உட்கார்!"

பட்டம் வாங்கியவரை ஊர் வேடிக்கை பார்க்கும், அணைத்துக் காத்தவரைத்தான் ஆபத்தில் கூப்பிடும். ஆகவே, அப்படி ஒருவரின் நிழலில் வளர்ந்துவிட்டு அவரையே பழிக்கும் பெரியவரே, இனியாவது நாலு பிள்ளைகளைக் காத்து அந்தப் பிழையைத் திருத்தும்!