நார் கட்டிக்கொண்டு இறங்கிய புழு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. புழு பேசியது சின்னக் குரலில்தான். தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

அந்தக் காலத்தில் கடலுக்குள் இருக்கிற சீவனெல்லாம் பேசும், கரையில் இருக்கிற மனுஷருக்கும் அது புரியும். அப்போது தீவுக்கரையில் கடலாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் சங்கு குளிக்கிறவன். கரைக்கு வந்தால் ஓயாமல் கடலடியைப் பற்றியே பேசுவான். "நீ பார்க்கிறதை நானும் ஒரு நாள் பார்க்கணும்" என்றாள் கடலாயி. அவனும் ஒரு பவளக்கல்லை உயிரோடு பெயர்த்துவந்து, கொல்லையில் இருந்த கல்தொட்டியில் வைத்து, கடல்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். கல்லெல்லாம் பூ. பூவுக்கு நடுவே சோடியாக இரண்டு மஞ்சள் மீன்.

கடலாயி தினமும் இரண்டு குடம் புதுத் தண்ணீர் மாற்றுவாள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தாலும் தொட்டியை விட்டு நகரமாட்டாள்.

ஒரு நாள் காலையில் ஒரு பூவைக் காணோம். மறுநாள் மூன்றைக் காணோம். நாலாம் நாள் சோடி மீனில் ஒன்று செத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். செத்த மீன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு புழு! இளஞ்சிவப்பாக, ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்று படுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவள் கொண்டுவந்து விட்டதில்லை. கல்லுக்குள் ஒளிந்து வந்திருக்கிறது.

"அடப் பாவி! உன்னை யாருடா என் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டது?" என்று தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு, கொதிக்கிற மணலில் கொட்ட நடந்தாள்.

"அக்கா, அக்கா, நில்லு! கொன்றது நானில்லை."

"வாயில் கறியை வைத்துக்கொண்டு பொய் வேறயா?"

"செத்ததைத் தின்கிறவன் அக்கா நான். அதை அப்படியே விட்டால் தண்ணீர் நாறும், மிச்சமிருக்கிற மீனும் போகும். என் வாயைப் பாரு, கடிக்கப் பல் இருக்கா? பூவின் காம்பையும் போய்ப் பாரு."

கடலாயிக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்க் காம்பைப் பார்த்தாள். கீரை கிள்ளினாற்போல் இருந்தது. இது புழு செய்கிற காரியமா?

"கல்லின் நடுப்பொந்தில் ஒருத்தன் இருக்கான்" என்றது புழு. "நண்டுப் பயல். உடம்பெல்லாம் மயிர், கறுத்த கொடுக்கு. நானும் அவனும் ஒரே கல்லில்தான் வந்தோம். அவன் வெளியே தலைகாட்டமாட்டான். நான் காட்டினேன், மாட்டிக்கிட்டேன்."

அந்நேரம் அவள் தம்பி சாத்தன் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். "புழுகிட்ட என்ன அக்கா பஞ்சாயத்து? கல்லை ஒரே போடாய்ப் போட்டு உடை, உள்ளே இருக்கிறவன் வருவான்."

"உடைத்தால் மிச்சப் பூவும் சாகுமேடா."

புழு யோசித்தது. "அக்கா, உன் புருஷன் சங்குக்கு இறங்கும்போது மேலே கயிறு பிடிக்கிறது யாரு?"

"இதோ நிற்கிறானே, இவன்தான். எங்கள் பக்கத்தில் மச்சினன்தான் பிடிக்கணும். விட்டால் அறுவது தன் அக்கா தாலி என்று அவனுக்குத் தெரியும்."

"அப்படியென்றால் எனக்கும் ஒரு நாரைக் கட்டி அந்தப் பொந்துக்குள் இறக்கு. நான் போனால் யாருக்கு இழப்போ அவர் பிடிக்கட்டும்."

கடலாயி தொட்டியைப் பார்த்தாள். ஒற்றை மீன் பூவுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. "நானே பிடிக்கிறேன்" என்றாள்.

"போச்சு! எங்க அக்கா புழுவுக்கு மச்சினன் ஆயிட்டா!" என்று சாத்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பனைநாரைத் தலையிலிருந்து வால்வரை சுற்றிக் கட்டி இறக்கினாள். புழு பொந்துக்குள் போனதும் திரும்பி, வாலை நண்டின் முகத்துக்கு நேரே ஆட்டியது. நண்டு லபக்கென்று கவ்வியது. கவ்வினால் நண்டு விடுமா? அதுதானே புழுவுக்கு வேண்டியது! 'இழு' என்று நாரைச் சுண்டியது.

கடலாயி இழுத்தாள். நண்டு காலை ஊன்றிக்கொண்டது. கல்லில் உரசி நார் சிம்பு சிம்பாய்ப் பிரிந்தது. "விட்டுடு அக்கா, புழு ரெண்டாய்ப் போயிடும்" என்றான் சாத்தன், இப்போது சிரிக்காமல். "கயிறு பிடிக்கிறவன் பேசுகிற பேச்சாடா இது?" என்று பல்லைக் கடித்து ஒரே இழுப்பு. புழுவும் வந்தது, வாலைப் பிடித்த நண்டும் வந்தது.

சாத்தன் நண்டைத் தரையில் தள்ளி மிதிக்கப் போனான். "வேண்டாம்டா. அதுக்கும் பசிதான். கடலில் விட்டுட்டு வா" என்றாள் கடலாயி.

புழுவைக் கையில் ஏந்தினாள். வால் நுனி அறுந்திருந்தது. பிரிந்த நார்ச்சிம்பெல்லாம் இரண்டு விலாவிலும் தைத்து நின்றது. பிடுங்கப் போனாள், அவள் விரலிலும் ஏறியது.

"இருக்கட்டும் அக்கா. வால் முளைச்சிடும். இனி எந்தக் கொடுக்கும் என்னை லேசில் கவ்வாது."

"இனி நீ ஒளியவேண்டாம். பூவுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி இரு."

"நாளைக்கு ஒரு மீன் வயசாகிச் சாகும். பக்கத்தில் நான் நிற்பேன். மறுபடி சிரட்டை வரும்."

"சத்தியமாய் எடுக்கமாட்டேன்டா."

"நீ எடுக்கமாட்டே. உன் தம்பி?"

சாத்தன் வானத்தைப் பார்த்தான்.

புழு அவள் கையிலிருந்து வழுக்கி இறங்கி, நண்டு காலி செய்த பொந்துக்குள் போய், முள்ளை விரித்து வாசலை அடைத்துக்கொண்டது. "விளக்கு அணைந்ததும் வேலைக்கு வருகிறேன் அக்கா" என்றது உள்ளேயிருந்து.

அன்று முதல்தான் கடற்புழுவுக்கு இரண்டு விலாவிலும் முள். அன்று முதல்தான் அது வெளிச்சம் போனபிறகு வந்து, செத்ததையும் சிந்தினதையும் தின்று தண்ணீரைக் காத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் கல்லுக்குள் போய்விடுகிறது.