தெளிக்காமல் பெருக்கிய வாசல்

"இதை என்னால எழுத முடியாது, டீச்சர்."

வீரபாகு கையிலிருந்த தாள்களை வாசற்படியில் போட்டார்.

மங்களவல்லி டீச்சர் துடைப்பத்தோடு நிமிர்ந்தார்.

"எதை?"

"எமனோட எருமைக்குப் புல்லு பிடுங்கிப் போடற வேலையை."

காலனியின் போராட்டக் குழுவை நடத்தும் வீரபாகுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். முன்பு கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் திட்டங்கள் எழுதிக்கொடுத்தவர். ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறார். எந்த அதிகாரிக்கும் எழுந்து நிற்காத வீரபாகு, அவருக்கு மட்டும் எழுந்து நிற்பார்.

விஷயம் இதுதான். பாறைமேடு காலனிக்கு மேற்கே அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகிறது. காலனி எதிர்த்தது. தோற்றது. தோற்றவர்களுக்கு சார் ஆட்சியர் ஒரு சலுகை கொடுத்தார். கட்டுமான வேலையால் வரும் தூசி, சத்தம், கழிவுநீர் எல்லாவற்றையும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று காலனிக்காரர்களே ஒரு சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் எழுதித் தரலாம். இன்று நண்பகலுக்குள். தராவிட்டால் கம்பெனி எழுதியதே செல்லும்.

கட்டட வேலி ஓரத்தில் காலனியின் அங்கன்வாடி. அதில் பாதிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மூச்சிளைப்பு. ஆடிக் காற்று ஆரம்பித்திருந்தது. அது மேற்கிலிருந்துதான் வரும்.

"கம்பெனிக்காரன் என்ன எழுதியிருக்கான்?" என்றார் டீச்சர்.

"தூசி முறையாகக் கட்டுப்படுத்தப்படும். அவ்வளவுதான். வழுவழுன்னு தாளு."

பொய்க்கு எப்போதும் நல்ல தாள் கிடைத்துவிடுகிறது. வீரபாகுவின் துண்டறிக்கைகளுக்குத்தான் எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

டீச்சர் அவருடைய தாள்களை எடுத்துப் படித்தார்.

தோண்டும் முன் மண்ணில் தண்ணீர் தெளிக்க வேண்டும். மண் லாரியைத் தார்ப்பாயால் மூட வேண்டும். காற்று அங்கன்வாடிப் பக்கம் புழுதியைக் கொண்டுபோனால், அந்த நிமிடமே வேலை நிற்க வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கு?"

"கடைசிக் கட்டத்தைப் பாருங்க."

ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கட்டம். மேலே 'பொறுப்பு' என்று தலைப்பு. கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

"கம்பெனின்னு போட்டா செய்ய மாட்டான். அதிகாரின்னு போட்டா வர மாட்டார். போராட்டக் குழுன்னு போட்டேன். அப்புறம் நானே அடிச்சிட்டேன்."

"ஏன்?"

"பொறுப்புன்னா உள்ளே நின்னு பார்க்கணும். குழுவுக்கு உள்ளே என்ன வேலை? நாற்பது வருஷமா கேட்டுக்கு வெளியதான் நின்னிருக்கேன், டீச்சர். ஒரு கம்பெனி கேட்டுக்குள்ள கால் வெச்சதில்லை. ஒருத்தன் குடுத்த டீயைக் குடிச்சதில்லை. எனக்குன்னு இருக்கற சொத்து அது ஒண்ணுதான்."

டீச்சர் தாள்களைத் திருப்பி வைத்தார். துடைப்பத்தை எடுத்தார்.

"பதில் சொல்லுங்க. நேரம் போகுது," என்றார் வீரபாகு.

டீச்சர் பெருக்கினார். காய்ந்த செம்மண் வாசல். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. வேகமாக, வீரபாகு இருந்த பக்கமே வீசிப் பெருக்கினார். புழுதி எழும்பி அவர் கண்ணிலும் வாயிலும் விழுந்தது.

"என்ன இது! தண்ணி தெளிக்காம யாராவது வாசல் பெருக்குவாங்களா?"

"தெருவுல போய் நின்னு சொல்லுங்க."

அவர் முறைத்தார். பிறகு போனார். டீச்சர் இரும்புக் கேட்டைச் சாத்திவிட்டு மறுபடி பெருக்கத் தொடங்கினார். காற்றும் கூடச் சேர்ந்துகொண்டது. புழுதி மொத்தமும் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

"நிறுத்துங்க, டீச்சர்!"

துடைப்பம் நிற்கவில்லை.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

மைக் கேட்காத தொண்டை அது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்தார். "என்ன தோழரே, டீச்சர் வீட்டு முன்னாடியே மறியலா?"

வீரபாகுவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இளம் வயதில், போராட்டத்துக்கு வரும் முன், குவாரியில் கல் உடைத்தவர் அவர். இருமல் அவரை இரண்டாக மடக்கியது. டீச்சர் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். துடைப்பத்தைப் பிடித்தார்.

துடைப்பம் நின்றது.

ஒரே துடைப்பத்தை இரண்டு பேரும் பிடித்தபடி நின்றார்கள். புழுதி மெதுவாகத் தணிந்தது.

"கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு," என்றார் டீச்சர்.

சுட்டதுபோல வீரபாகு கையை எடுத்தார்.

"என்னையே துரோகியா மாறச் சொல்றீங்க."

"நான் வாசல் பெருக்கினேன்."

"மாசிலாமணியை மறந்துட்டீங்களா?"

மாசிலாமணி வீரபாகுவின் கூட்டாளி. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பிள்ளைக்குப் பசிக்கிறது என்று ஒருநாள் குவாரி கேட்டில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அன்று சாயங்காலமே வீரபாகு ஒரு துண்டறிக்கை எழுதினார். 'கேட்டுக்குள் போனவன் கூட்டத்தை விற்றவன்.' மாசிலாமணி ஊரைவிட்டே போனான். அந்த வரி மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த எல்லாப் போராட்டத்திலும் அது முழக்கமாக ஒலித்தது.

"மறக்கலை. நல்ல வரி. இன்னிக்கும் கத்துவாங்க."

"என்னைப் பார்த்துக் கத்துவாங்க."

"ஆமா."

"அதுக்கு என்ன சொல்றீங்க?"

டீச்சர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீர் கொண்டுவந்து வாசல் முழுவதும் கையால் அள்ளி அள்ளித் தெளித்தார். பிறகு பெருக்கினார். ஒரு தூசிகூட எழும்பவில்லை.

அவ்வளவுதான்.

வீரபாகு படியில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

நண்பகலுக்குச் சற்று முன், வேலையிடத்துக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் சார் ஆட்சியர் தாள்களைப் புரட்டினார். கடைசிக் கட்டத்தில் கண் நின்றது.

"எல்லா வரிக்கும் ஒரே பேர் போட்டிருக்கீங்க. இவர் கை காட்டினா வேலை நிக்கணும்னு இருக்கு."

"ஆமா."

"வேலை நேரம் முழுக்க இவர் உள்ளேயே இருக்கணுமே?"

"இருப்பேன்."

"ஒருநாள் நீங்க வரலைன்னா?"

"அன்னிக்கு வேலை கிடையாது. அதுவும் எழுதியிருக்கு."

கம்பெனி மேலாளர் சிரித்தார். "சார், கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஐயா நம்ம கேட்டுக்குள்ள வரவா போறார்? வராத நாளுக்கு மட்டும் வேற ஏற்பாடுன்னு மாத்திக்கலாம்."

"மாத்த வேண்டாம்," என்றார் வீரபாகு. "இப்பவே வர்றேன்."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. சார் ஆட்சியர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டுக்கு முன்னால் காலனியே நின்றது. முன்வரிசையில் பேச்சியம்மாள். வீரபாகு சிறைக்குப் போன நாட்களில் குழுவைக் கட்டிக்காத்தவள். இரண்டு தடவை தடியடி வாங்கியவள்.

"எங்க போறீங்க, தோழர்?"

"உள்ளே."

"உள்ளேன்னா?"

அவர் கேட்டைக் கை காட்டினார்.

பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

"நல்ல விலையா தோழர்?"

இதற்கு ஒரு பதில் அவரிடம் இருந்தது. எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அதை விழுங்கினார்.

காவலாளி கேட்டைத் திறந்தான். வீரபாகு உள்ளே போனார்.

பின்னால் யாரோ தொடங்கிவைத்தார்கள்.

"கேட்டுக்குள் போனவன்!"

"கூட்டத்தை விற்றவன்!"

அவர் எழுதிய வரி. எத்தனையோ முறை மற்றவர்கள் முதுகில் விழுவதைப் பார்த்து ரசித்த வரி. அது எவ்வளவு கனமானது என்று இப்போதுதான் முதுகு சொன்னது.

தண்ணீர் தெளிக்கும்வரை மேலாளர் வேண்டுமென்றே காத்திருக்கவில்லை. பொக்லைன் உறுமியது. அதன் கை காய்ந்த மண்ணில் இறங்கி ஒரு வாரு வாரியது. செம்புழுதி ஆள் உயரத்துக்கு எழுந்தது. காற்று அதைத் தூக்கியது. வேலிக்கு மேலே, முழக்கமிட்டவர்களின் தலைக்கு மேலே, அங்கன்வாடி ஜன்னலை நோக்கிப் போனது. உள்ளே ஒரு குழந்தை இருமியது. இன்னொன்று. பிறகு எல்லாமும்.

"நிறுத்துடா! டேய், நிறுத்துடா!"

வெளியே அத்தனை பேரும் கத்தினார்கள். ஓட்டுநருக்கு எதுவும் கேட்கவில்லை. பொக்லைன் கை மறுபடி உயர்ந்தது.

வீரபாகு நடந்துபோய் அதற்கு நேர் கீழே நின்றார். கையைத் தூக்கினார்.

"யோவ் பெரிசு! சாகணுமா?"

அவர் நகரவில்லை. கை இறங்கவில்லை. ஓட்டுநர் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் பந்தலில் இருந்த சார் ஆட்சியரைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி விரலை அசைத்தார்.

இயந்திரம் நின்றது.

அந்த அமைதியில் வேலிக்கு வெளியே இருமல் மட்டும் கேட்டது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பேச்சியம்மாளின் குரல்:

"...விற்றவன்!"

வீரபாகு திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் படிந்த மண்ணைத் துண்டால் துடைத்தார்.

"தம்பி," என்றார் ஓட்டுநரிடம். "முதல்ல தண்ணியைத் தெளி."