இரண்டு தாம்பூலம் வாங்கிய நாயனக்காரர்

அந்தக் காலத்தில், ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் வாழ்கிறவர்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு கோயில் குளத்தில் அன்று இருந்தவர்கள் ஏழு பேர். வடகரையில் ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும், தென்கரையில் ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும். நால்வரும் செருப்புத் தடம் போன்ற உடம்புள்ள பாரமீசியங்கள். தூது போகிற அமீபா ஒன்று. கண்ணாடி ஓட்டுக்குள் குடியிருக்கும் டயாட்டம் அக்கா ஒருத்தி. ஏழாவது ஆள் நாயனக்காரர் நீலகண்டன்.

நீலகண்டனுக்குத் தனியாக வாத்தியம் கிடையாது. அவருடைய நீல உடம்பே நாயனம். மேலே அகன்ற வாய், கீழே கொடியைப் பற்றி நிற்கும் ஒற்றைக் கால். வாயைச் சுற்றியுள்ள மயிர்கள் சுழன்றால் குளமே தலையாட்டும். ஆனால் ஆள் கூச்சக்காரர். தொட்டால் சுருண்டு உருண்டையாகிவிடுவார். ‘முடியாது’ என்று யாரிடமும் சொன்னதில்லை.

வடகரையார் கல்யாணத்துக்கு வாசிக்கச் சொல்லிப் பாசி இலையில் தாம்பூலம் நீட்டினார்கள், வாங்கிக்கொண்டார். மறுநாள் தென்கரையார் வந்தார்கள். அதே நாள், அதே முகூர்த்தம். அதையும் வாங்கிக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு நான்கு நாழிகை இருக்கும்போது அமீபா வந்தது.

“வடகரையில தேடுறாங்க அண்ணே. தென்கரையிலயும் தேடுறாங்க. நாயனம் இல்லாம தாலி ஏறாதுன்னு ரெண்டு பக்கமும் உக்காந்துட்டாங்க.”

நீலகண்டன் சுருண்டார்.

“நீ உருண்டா முகூர்த்தம் நிக்குமா தம்பி? ஒரு வீட்டுக்குப் போ. இன்னொரு வீட்டுல மன்னிப்புக் கேட்டுக்கோ” என்றாள் டயாட்டம் அக்கா.

“எந்தப் பொண்ணை மணையிலேர்ந்து எழுந்திரிக்கச் சொல்றது அக்கா?”

பிறகு நீலகண்டன் மெதுவாக நீண்டு படுத்தார்.

“உன் ஓட்டு விளிம்பு கூர்தானே. என் நடுவுல ஒரு வெட்டுப் போடு.”

அக்காவின் கண்ணாடி நடுங்கியது. ஒரே வெட்டு என்றுதான் நினைத்தாள், நடுக்கத்தில் இரண்டு வெட்டாகிவிட்டது. நடுவில் ஒரு சிறு துணுக்கு விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அமீபா உடம்பை அகட்டி, வாய்ப் பக்கத்தை வடகரைக்கும் கால் பக்கத்தைத் தென்கரைக்கும் தள்ளிக்கொண்டு போயிற்று.

தென்கரை மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “வெறுங் கால் வந்திருக்கு. இது ஊதுமா, உதைக்குமா?”

“பொறுங்க மாப்பிள்ளை. வாய் பின்னாலே வருது” என்றது அமீபா. அதற்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஆனால் வந்தது. காலின் பக்கவாட்டில் மயிர்கள் ஒரு வரிசையாக முளைத்து, மேலேறி, வளைந்து வாயாயின. வடகரையில் வாய்க்குக் கீழே கால் நீண்டது. முகூர்த்தம் தப்பவில்லை. இரு கரையிலும் ஒரே நேரத்தில் நாயனம் எழுந்தது, இரண்டு தாலியும் ஏறின.

அக்கா வெட்டிய இடத்திலேயே நின்றிருந்தாள். அவள் காலடியில் மெல்லிசாக இன்னொரு நாயனம் கேட்டது. குனிந்து பார்த்தாள். அந்தத் துணுக்கு.

“உனக்கு யாருப்பா தாம்பூலம் வெச்சது?”

அது கூச்சத்தில் சுருண்டது. பிறகு நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து ஊதியது.

அன்று முதல்தான் அந்த நீல உயிர் எத்தனை துண்டானாலும் துண்டுக்கொரு முழு நாயனமாக வளர்கிறது. குளத்துநீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறவர்கள் அதற்கு ஸ்டென்டார் என்று பேர் சொல்கிறார்கள். அன்றைய கணக்கு இதுதான்: கல்யாணம் இரண்டு, நாயனம் மூன்று, மிச்சம் ஒன்று.