பக்கத்து வீட்டு ஜார்

“தப்பு என் பேர்ல இல்ல டீச்சர். இதை எழுதினவன் பேர்ல.”

தவசிமுத்து உறுதியாகத்தான் சொன்னார். உப்பளத்தில் ஆட்களை மேய்த்தவர். குரல் தாழ்ந்து பழக்கமில்லை.

அளம் மூடியபிறகு ஜெபராணியின் வீட்டு முன்னறைக்குக் கம்ப்யூட்டர் படிக்க வந்தார். அவள் அவரைவிட ரொம்ப இளையவள். அதற்காக டீச்சர் என்று கூப்பிட அவர் கூச்சப்பட்டதில்லை.

சாயங்காலத்துக்குள் தன் புரோகிராமை ஓட்டிக் காட்டினால் துறைமுகப் பக்கம் ஓர் ஆபீசில் வேலை. ஓடாவிட்டால் மறுபடியும் மச்சான் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும். மச்சான் வாய் லேசுப்பட்டதில்லை.

அவர் எழுதிய வரிகள் சுத்தம். வரைபடம் போட மட்டும், யாரோ எழுதி நெட்டில் வைத்திருந்த லைப்ரரியை, அதாவது ஆயத்தப் புரோகிராம் தொகுப்பை, இறக்கிச் சேர்த்தார். சேர்த்ததும் திரை சிவந்துபோனது. மேலிருந்து கீழ்வரை எரர்.

விடுவாரா? லைப்ரரிக்குள்ளேயே புகுந்து திருத்த ஆரம்பித்தார். ஒன்றைத் திருத்தினால் நாலு முளைத்தது. நாலையும் திருத்தினார்.

ஜெபராணி எட்டிப் பார்த்தாள்.

“முதல் எரர் என்ன சொல்லுது அண்ணாச்சி?”

“அது எங்கேயோ மேல போயிருச்சு. நான் கடைசியில இருந்து வர்றேன்.”

அவள் அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். தன் மிக்ஸி ஜார் உடைந்துவிட்டதாம், பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாளாம், கொஞ்சம் சட்னி அரைத்துத் தர வேண்டுமாம்.

தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது சட்னியா என்று அவருக்குக் கடுப்பு. ஆனாலும் டீச்சர் சொல்.

ஜார் உட்காரவில்லை. திருகினார். அமுக்கினார். தட்டினார்.

“இது உட்காராது டீச்சர்.”

அவள் பரணிலிருந்து ஓர் அரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அடியை ராவிருங்க.”

தவசிமுத்து சிரித்துவிட்டார்.

“நல்லாச் சொன்னீங்க. ராவினா இதுலயும் உட்காராது, அவங்க மிக்ஸியிலயும் உட்காராது. எந்த மிக்ஸிக்குச் செஞ்ச ஜாருன்னு முதல்ல பாக்கணும்…”

சிரிப்பு பாதியில் நின்றது.

கையிலிருந்த அரத்தைப் பார்த்தார். மேடைமேல் வைத்தார். முன்னறைக்கு நடந்தார்.

திருத்தித் திருத்தி வைத்திருந்த லைப்ரரியை முழுசாக அழித்தார். புதுசாக இறக்கிச் சேர்த்தார். திரையை மேலே, இன்னும் மேலே தள்ளி, முதல் சிவப்பு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்த லைப்ரரி கம்ப்யூட்டர் மொழியின் புதுப் பதிப்புக்குச் செய்தது, உங்களிடம் இருப்பது பழையது என்று அது ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறது.

பழையதுக்கென்று செய்ததும், இறக்கிய அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே கிடந்தது.

அதை எடுத்துப் போட்டார். ஓட்டினார்.

சிவப்பு இல்லை. வரைபடத்தின் கோடு மெல்ல ஏறி வந்தது.

அடுக்களையிலிருந்து குரல் கேட்டது.

“என்ன அண்ணாச்சி, தப்பு யார் பேர்ல?”

தவசிமுத்து எழுந்து வந்து ஜாரையும் தேங்காயையும் கையில் எடுத்துக்கொண்டார்.

“பக்கத்து வீட்டுக்குப் போய் அவங்க மிக்ஸியிலயே அரைச்சுட்டு வந்துர்றேன் டீச்சர்.”