மொந்தன் கரடியின் தேனும் கசப்புப் பட்டையும்

ஒரு காட்டில், ஒரு குன்றின் உச்சியில், மொந்தன் என்றொரு கரடி இருந்தான். கரடி என்றதும் பயந்துவிடாதீர்கள், பிள்ளைகளே. கரையான்களைத் தவிர வேறு யாருக்கும் கெடுதல் நினைத்தறியாதவன் அவன்.

குன்றின் பாறை இடுக்குகளில் தேனடைகள் தொங்கின. உடம்பு சரியில்லை என்று யார் வந்தாலும் மொந்தன் ஒரு தேக்கிலை நிறையத் தேன் ஊற்றிக் கொடுப்பான். ஆனால் குன்றை விட்டு மட்டும் இறங்க மாட்டான். ஒரு நாள் அவன் கண் மறைந்தால் போதும், குரங்குகள் அடையோடு வழித்துவிடும்.

அந்தக் கோடையில் காட்டுக்குள் ஒரு காய்ச்சல் புகுந்தது. குன்றின் அடியில் பள்ளத்தாக்கில் மேய்ந்த புள்ளிமான்களைத்தான் அது முதலில் பிடித்தது. முதல் நாள் உடம்பு நடுங்கும். மூன்றாம் நாள் கால் துவண்டு படுக்கை. படுத்தவர்களில் பாதிக்கு மேல் எழுந்திருக்கவில்லை.

காய்ச்சலோடு சில மான்கள் குன்றேறி வந்தன. மொந்தன் தேன் கொடுத்தான். அட, வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், காடு முழுக்க இதே பேச்சு. மொந்தனின் தேன் காய்ச்சலை விரட்டுகிறதாம், அடுத்த நாளே துள்ள வைக்கிறதாம். மொந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. கர்வத்தில் அல்ல, பாவம், சந்தோஷத்தில்.

ஆற்றுக்கு அக்கரையில் பெரிய கடமான் கூட்டம் ஒன்று இருந்தது. காய்ச்சல் தங்கள் பக்கமும் தலைகாட்டிவிட்டது, எது மருந்து என்று சொல்லியனுப்புங்கள் என்று அவை ஒரு நாரையைத் தூது அனுப்பின. தேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்றார்கள் எல்லாரும்.

ஒருத்தியைத் தவிர. அவள் சிலுப்பி என்கிற முள்ளம்பன்றி. எதையும் லேசில் நம்பாத பிறவி. மழை பெய்கிறது என்று நூறு பேர் சொன்னாலும், வளையை விட்டு வந்து மூக்கை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பாள். அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. முள்ளைவிட அவள் கேள்விதான் அதிகமாகக் குத்தும்.

சிலுப்பி மூச்சு வாங்கக் குன்றேறினாள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டாள். இருபது பேர், அதில் பதினெட்டுப் பேர் பிழைத்தார்கள் என்றான் மொந்தன். நடந்து வந்தார்களா, யாராவது தூக்கி வந்தார்களா என்று கேட்டாள். இந்தச் செங்குத்தில் யார் யாரைத் தூக்க முடியும், நடந்துதான் வந்தார்கள் என்றான்.

"அப்படியானால், மொந்தா, இந்தக் குன்றை ஏறுகிற அளவு தெம்பு இருந்தவர்களுக்குத்தான் நீ தேன் கொடுத்திருக்கிறாய். தெம்பு இல்லாதவர்கள் கீழேயே கிடந்து செத்துப்போனார்கள். அவர்களை நீ பார்க்கவே இல்லை."

மொந்தனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் தேனைப் பழித்ததற்காக அவன் வருந்தவில்லை. கீழே செத்தவர்களைத் தான் ஒரு தடவைகூட நினைக்கவில்லையே என்றுதான் வருந்தினான். சரி, பிறகு எதுதான் மருந்து என்று கேட்டான்.

சிலுப்பி தயங்கினாள். போன வருஷம் அவளுக்கும் இப்படி ஒரு காய்ச்சல் வந்ததாம். ஓடைக்கரையில் நிற்கும் கசப்பு மரத்தின் பட்டையைக் கொறித்தாளாம், குணமாயிற்றாம். பட்டை காப்பாற்றியதா, தானாகவே பிழைத்தாளா என்று அவளுக்கே தெரியாதாம். அதனால்தான் இதுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்றாள்.

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். முதலில் பட்டையை இடித்து, தாங்களே மூன்று நாள் தின்று பார்த்தார்கள். மொந்தனின் முகம் போன கோணலைப் பார்த்துக் குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. மற்றபடி இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்போது பள்ளத்தாக்கில் இருபது மான்கள் எழ முடியாமல் கிடந்தன. சிலுப்பி தேக்கிலைப் பொட்டலங்களை இரண்டு குவியலாகக் கட்டினாள். ஒரு குவியலில் வெறும் தேன். மற்றதில் தேனோடு பட்டைத் தூள். ஒன்றைக் கொடியால் கட்டினாள், மற்றதை நாரால் கட்டினாள். எதில் எது என்று மொந்தனுக்குச் சொல்லவில்லை. படுத்திருக்கும் வரிசைப்படி முதல் மானுக்குக் கொடி, அடுத்ததற்கு நார் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே போ, பத்து நாளும் யாருக்கும் கட்டு மாறக் கூடாது என்றாள். காய்ச்சலில் நாக்கு மரத்துப்போனவர்களுக்குக் கசப்பும் இனிப்பும் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

பாதிப் பேருக்கு மருந்து கிடைக்காதே, இது அநியாயம் இல்லையா என்று மொந்தன் கேட்டான். எந்தப் பாதி என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும், பட்டை அவர்களுக்குக் கெடுதல் செய்தாலும் செய்யலாமே என்றாள் சிலுப்பி.

அவனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கீழே கிடந்தவர்களில் மருதி என்ற மானும் ஒருத்தி. இலுப்பை பூத்தால் முதலில் ஓடிவந்து அவனிடம் சொல்கிறவள். அவளை அவன் தங்கையாகவே நினைத்திருந்தான். அவளுக்கு மட்டும் நல்ல பொட்டலமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று, எதில் என்ன இருக்கிறது என்று சிலுப்பியிடம் மெல்லக் கேட்டுப்பார்த்தான்.

"சொல்ல மாட்டேன். தெரிந்துவிட்டால் நீ நம்புகிற பக்கத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கூடுதலாகக் கொடுப்பாய். ராத்திரி எழுந்து போய்த் தடவிக் கொடுப்பாய். அப்புறம் பிழைத்தது மருந்தாலா உன் அன்பாலா என்று யார் சொல்வது?"

மொந்தன் பொட்டலங்களை எடுத்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாகக் குன்றை விட்டு இறங்கினான். அன்றே குரங்குகள் தேனடைகளில் பாதியைக் காலி செய்தன. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாளும் இருபது மான்களுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கொடுத்தான், ஒரே மாதிரி ஈ ஓட்டினான். செத்தவர்களைத் தானே இழுத்துப்போய்ப் புதைத்துவிட்டு, தனியாகப் போய் அழுதான்.

பதினோராம் நாள் காலை எல்லாரும் கூடினார்கள். பதில் கேட்டுப் போக நாரையும் வந்திருந்தது. சிலுப்பி அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். நாரில் கட்டியது வெறும் தேன். அதைக் குடித்த பத்துப் பேரில் பிழைத்தவர்கள் மூன்று பேர். கொடியில் கட்டியது பட்டை கலந்தது. அதைக் குடித்த பத்துப் பேரில் பிழைத்தவர்கள் எட்டுப் பேர்.

ஆனால் பாருங்கள், விதி எப்படி விளையாடுகிறது என்று. மருதிக்குக் கிடைத்தது நார்ப் பொட்டலம். அவள் பிழைத்துவிட்டாள். அவள் பக்கத்தில் படுத்திருந்த கூடப்பிறந்த தங்கை குறிஞ்சிக்குக் கிடைத்தது கொடிப் பொட்டலம். அவள் போய்விட்டாள்.

மருதி கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள். கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"என்னை எழுப்பியது மொந்தன் அண்ணனின் தேன். என் தங்கையைக் கொன்றது அந்தப் பட்டை. வேறு யாரும் சொல்ல வேண்டாம், நான் பக்கத்திலேயே கிடந்து பார்த்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். கூட்டமும் அவளோடு அழுதது. மூன்று, எட்டு என்பதெல்லாம் யார் காதிலும் நிற்கவில்லை. அக்கரைக்குத் தேன் என்றே சொல்லிவிடு என்றது ஒரு கலைமான். நாரை சிறகை விரித்துவிட்டது. சிலுப்பி வாயே திறக்கவில்லை. தங்கையைப் பறிகொடுத்து அழுகிறவளுக்கு முன்னால் தன் பேச்சு எடுபடாது என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் மொந்தனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினால் போதும். காட்டில் அவன் பெயர் என்றைக்கும் நிலைத்திருக்கும். அக்கரையில் கடமான்கள் தேனைத் தேடி அலைந்து, பத்துக்கு ஏழாகச் செத்துக்கொண்டிருக்கும்.

மொந்தன் நாரையைப் பொறுக்கச் சொல்லிவிட்டு மருதியிடம் போனான். அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தான்.

"நீ பிழைத்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, மருதி. ஆனால் இதே தேனை இன்னும் ஏழு பேர் குடித்தார்கள். என் கையால்தான் குடித்தார்கள். அந்த ஏழு பேரையும் நான்தான் புதைத்தேன். அவர்களை எழுப்பாத தேன் உன்னை எழுப்பியது என்று நான் எப்படிச் சொல்வேன்? உன் உடம்பு தானே போராடி ஜெயித்தது, அம்மா. நீ எழுந்து வந்து பேசுகிறாய். அவர்களால் வர முடியாது. அதனால் அவர்களுக்காக நான் பேசுகிறேன்."

"அப்படியானால் குறிஞ்சி?" என்றாள் மருதி.

"பட்டை எல்லாரையும் காப்பாற்றவில்லை. இரண்டு பேரை விட்டுவிட்டது, அதில் ஒருத்தி நம் குறிஞ்சி. அதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் எட்டு வீட்டில் இன்று அழுகை இல்லையே."

மருதி சுற்றிலும் பார்த்தாள். கொடிப் பொட்டலம் குடித்த எட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள். குறிஞ்சியோடு சேர்ந்து துள்ளி விளையாடிய தோழி ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். மருதி அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே நாரையிடம் நடந்து போனாள்.

"அக்கரையில் போய்ப் பட்டை என்று சொல். பத்தில் எட்டுப் பேர் பிழைத்தார்கள் என்று சொல். குறிஞ்சி பிழைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்."

நாரை ஆற்றைத் தாண்டிப் பறந்தது. மொந்தன் குன்றுக்குத் திரும்பவில்லை. சிலுப்பியோடு ஓடைக்கரைக்குப் போய், அடுத்துப் படுக்கப்போகிறவர்களுக்காகப் பட்டை உரிக்க உட்கார்ந்தான்.

நீதி: எது மருந்து என்று அறிய, பிழைத்து வந்தவர் சொல்வதை மட்டும் கேளாதே, பேச வர முடியாதவர்களையும் எண்ணிப் பார்.