ஆவுடையப்பனின் சிவப்பு அட்டை

பஞ்சு மில்லில் முப்பத்தொரு வருஷம் மிஷின் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், அறுபத்து மூன்றாம் வயதில் சிஷ்யனாகச் சேர்ந்தார். குரு ஹெப்சிக்கு வயசு இருபத்தெட்டு. அடுத்த தெருவில், வீட்டு முன்னறையிலேயே ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்க்கிறவள்.

ஒரு நாள் காலையில் சிஷ்யன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"டீச்சர், எம்பி3 பிளேயர் ஒண்ணு பத்து நாளா என் உயிரை வாங்குது."

பிளேயர் அவர் மனைவி உலகம்மாளுடையது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை இடுப்பில் செருகிக் காதில் பாட்டு ஓடினால்தான் அந்த அம்மாள் காலையில் நடக்கப் போவாள். பாட்டு இல்லையென்றால் வாசல்படி தாண்ட மாட்டாள். பத்து நாளாக நடை இல்லை. சர்க்கரை இருநூற்று நாற்பதுக்கு ஏறிவிட்டது. போதாக்குறைக்கு அவரோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். இட்லியைத் தட்டில் வைப்பாள், போய்விடுவாள்.

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

"என்னவெல்லாம் பாத்தீங்க சார்?"

"பேட்டரி புதுசு போட்டேன். இயர்போன் மாத்தினேன். துருவைச் சுரண்டினேன். மூணு தரம் பிரிச்சு மாட்டினேன்."

"அப்புறம்?"

"ஒவ்வொரு தரமும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சுது."

"வீட்ல அக்காகிட்ட கேட்டீங்களா?"

"அவளுக்கு இதுல என்ன தெரியும்?"

ஹெப்சி செருப்பை மாட்டினாள்.

"கையோட கொண்டு வந்திருக்கலாமே சார்?"

"ரிப்பேர்ல இருக்கற மிஷினை இடம் மாத்தப்பிடாது டீச்சர். மில் சட்டம்."

வீட்டில் சாப்பாட்டு மேஜை நடுவே பிளேயர் கிடந்தது. அதைவிடப் பெரிய சிவப்பு அட்டை ஒன்று அதன் கழுத்தில் நூலால் கட்டியிருந்தது. 'பழுது பார்க்கப்படுகிறது. தொடாதீர். ஆவுடையப்பன்.'

"இது எதுக்கு சார்?"

"ஒருத்தன் மிஷினுக்குள்ள கை விட்டிருக்கும்போது இன்னொருத்தன் சுவிட்சைப் போட்டா கை போயிரும்லா? அதுக்குத்தான் அட்டை. மாட்டினவன்தான் கழட்டணும். வேற எவனும் தொடப்பிடாது."

"இதுல கை போகுமா?"

"சட்டம்னா சட்டம் டீச்சர்."

ஹெப்சியும் தொடவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் வாங்க" என்றாள்.

உலகம்மாள் வந்தாள். புருஷனைப் பார்க்காமல் ஹெப்சியிடம் கேட்டாள்: "அதைத் தொடலாமாம்மா?"

"சார், அட்டையைக் கழட்டுங்க."

கழற்றினார். உலகம்மாள் பிளேயரை எடுத்து, பக்கவாட்டில் இருந்த குட்டித் தாழை நகத்தால் தள்ளினாள். பட்டனை அமுக்கினாள். இயர்போனை ஹெப்சியின் காதில் வைத்தாள்.

"பாடுது சார்" என்றாள் ஹெப்சி.

ஆவுடையப்பன் இயர்போனை வாங்கித் தன் காதிலும் வைத்துப் பார்த்தார்.

"நடக்கும்போது பட்டன் அமுங்கிரக் கூடாதுன்னு பூட்டி வைப்பேன். அன்னைக்கு நான் எந்திரிக்கும் முன்னாலயே இவுங்க அமுக்கிப் பாத்துட்டு, செத்துப்போச்சுன்னு அட்டையைக் கட்டிட்டாங்க" என்றாள் உலகம்மாள்.

"ஏட்டி, அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொல்லத்தான் வந்தேன். பராமரிப்புல தலையிடாதேன்னீங்க. போன வருஷம் அட்டை கட்டின மிக்சியைத் தொட்டதுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தீங்கல்லா?"

பத்து நாள் கழித்துப் பேசினாள். திட்டாக இருந்தாலும் மனுஷனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பராமரிப்புப் புத்தி விடுமா?

"அப்போ பழுது எதுல இருந்துச்சு டீச்சர்?"

உலகம்மாள் மேஜையில் கிடந்த அட்டையை எடுத்தாள். அவர் சட்டையின் மேல் பட்டனில் அதை மாட்டி, நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்படி இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

ஆவுடையப்பன் முடிச்சு வரைக்கும் கையைக் கொண்டுபோனார். தொடத் தைரியம் வரவில்லை.

"டீச்சர், பால்காரர் வார நேரம். நீங்களாவது கழட்டி விடுங்க."

ஹெப்சி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மாட்டினவங்கதான் சார் கழட்டணும்."